விசித்திரசித்தன் மகேந்திரவர்மன்

தமிழகத்தில் மலையைக் குடைந்து கோயில் அமைக்கும் கலையைப் பெருக வளர்த்த வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன். காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு தொண்டை மண்டலத்தை ஆண்ட பல்லவர் குலத்தில் தோன்றியவன். ஓவியம், இசை, நாடகம், கட்டடக்கலை எனப் பல துறைகளிலும் புகழ் பெற்றவன். சமணக் குடும்பங்களில் பிறந்த நமக்கு அவன் பெயர் வேறொரு காரணத்தாலும் மறவாமல் இருக்கிறது. அவன் சமணனாக இருந்து சைவனானான் என்றும், அதன்பின் சமணப் பள்ளியை இடித்தான் என்றும் வழங்கும் செய்தியே அக்காரணம். அவனுடைய வாழ்வைக் கல்வெட்டு, செப்பேடு, இலக்கியம் ஆகியவற்றின் துணைகொண்டு ஒருமுறை வரிசையாகப் பார்ப்பது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன் தரும்.

குலமும் முன்னோரும்

மகேந்திரவர்மனின் தந்தை சிம்மவிஷ்ணு. காவிரிக் கரை வரையில் பல்லவர் ஆட்சியைப் பரப்பிய வீரன் அவன். சிம்மவிஷ்ணுவின் தந்தையாகிய சிம்மவர்மன் நம் அறத்தோடு தொடர்புடையவன் என்பதை நம்மவரில் பலர் அறியார். பள்ளன்கோயில் செப்பேடு அச்செய்தியைத் தருகிறது. பருத்திக்குன்றத்துப் பள்ளியைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் முனிவருக்குச் சிம்மவர்மன் அமண்சேர்க்கை என்ற ஊரைக் கொடையாக வழங்கினான் என்பது அதன் சாரம். அப்பருத்திக்குன்றமே இன்று நாம் சென்று வணங்கும் திருப்பருத்திக்குன்றம், நம் ஜினகாஞ்சி. ஆகவே மகேந்திரனின் பாட்டன் காலத்தில் சமணப் பள்ளிகள் அரசனின் ஆதரவோடு விளங்கின என்பதில் ஐயமில்லை.

அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, சிம்மவர்மன் என்னும் அதே பெயருடைய மற்றொரு பல்லவன் காஞ்சியை ஆண்டபோது, சர்வநந்தி என்னும் சமண முனிவர் லோகவிபாகம் என்ற நூலைப் பிராகிருத மொழியில் எழுதி முடித்தார். ஆண்டு கி.பி. 458. உலகின் அமைப்பைக் கூறும் அந்நூல் பிற்காலத்தில் சிம்மசூரி செய்த வடமொழி வடிவத்திலேயே நமக்குக் கிடைத்துள்ளது. சர்வநந்தி அதனை எழுதிய இடம் பாடலிகம். அதனை இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதி என்று அறிஞர் கொள்வர். இந்தப் பாடலிபுரத்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மகேந்திரனின் கதையில் அது மீண்டும் வரும்.

கல்லில் எழுந்த கோயில்கள்

மகேந்திரவர்மன் கி.பி. 600ஆம் ஆண்டை ஒட்டி அரியணை ஏறி, ஏறத்தாழ 630 வரையில் ஆண்டான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அவனுக்கு முன்னர்த் தமிழகத்துக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் கட்டப்பட்டன. மழையும் தீயும் காலமும் அவற்றை அழித்துவிட்டன. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரன் ஒரு பாறையைக் குடைந்து பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இன்றி இக்கோயிலை விசித்திரசித்தன் அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. புதுமையை நாடும் உள்ளம் உடையவன் என்பது அப்பட்டத்தின் பொருள்.

ஆயினும் அப்பகுதியில் பாறையைப் புனிதமாக்கிய முதல்வர்கள் அரசர்கள் அல்லர். அவனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சமண முனிவர்கள் தமிழகத்துக் குகைகளில் கற்படுக்கைகள் செதுக்கித் தவம் இயற்றினார்கள். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கு உள்ளது. அதன் எழுத்து மகேந்திரனுக்கு முற்பட்டது. துறவியர் படுக்கவும் நோன்பிருக்கவும் பயன்படுத்திய பாறையை அரசன் தெய்வங்களுக்கு இல்லமாக்கினான் எனலாம்.

மகேந்திரவாடியில் ஓர் ஏரியை வெட்டி அதன் அருகே திருமாலுக்கு ஒரு குகைக் கோயில் எடுத்தான். தளவானூரில் சத்துருமல்லேசுவரம், சீயமங்கலத்தில் அவனிபாசனப் பல்லவேசுவரம், திருச்சி மலையில் லலிதாங்குரப் பல்லவேசுவரம் ஆகியன சிவபெருமானுக்கு உரியவை. சத்துருமல்லன், அவனிபாசனன், லலிதாங்குரன், குணபரன் ஆகியன அவன் தாங்கிய பட்டங்கள்.

செங்கற்பட்டு மக்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகருக்கு மிக அருகில் வல்லம் என்னும் ஊரின் குன்றில் குகைக் கோயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, மகேந்திரனுக்கு அடங்கிய சிற்றரசனாகிய வசந்தப்பிரியனின் மகன் கந்தசேனன் அதைச் செய்வித்தான் என்று கூறுகிறது. அரசனின் கலையார்வம் அவனுக்கு அடங்கியவரையும் தொற்றிக்கொண்டதற்கு இது சான்று. பல்லாவரத்திலும் அவனுடைய பட்டங்கள் பொறித்த ஒரு குகை உண்டு. அக்குகை பிற்காலத்தில் முஸ்லிம் மக்களின் வழிபாட்டிடமாயிற்று. ஒரே பாறை காலந்தோறும் வெவ்வேறு மக்களின் வணக்கத்தைப் பெறுவது இந்நாட்டில் வியப்பன்று.

கலைஞனும் நாடக ஆசிரியனும்

சித்திரகாரப்புலி என்ற பட்டம் மகேந்திரன் ஓவியத்தில் வல்லவன் என்பதைக் காட்டும். சங்கீர்ணசாதி என்ற பட்டத்தை இசையோடு இணைத்துக் கூறுவர். அவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகம் 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் பதிப்பிக்கப்பட்டது. கேரளத்துக் கூடியாட்டக் கலைஞர்கள் அந்நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாக நடித்துக் காத்து வந்துள்ளனர்.

நாடகம் நடக்கும் இடம் காஞ்சி மாநகரம். சத்தியசோமன் என்னும் காபாலிகன் மது மயக்கத்தில் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். வழியே வந்த நாகசேனன் என்னும் பௌத்தத் துறவியின் ஆடைக்குள் ஏதோ மறைந்திருப்பதைக் கண்டு, அவனே திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் வழக்கைத் தீர்க்க முன்வருகிறான். எவ்வளவு வாதாடியும் முடிவு ஏற்படவில்லை. இறுதியில் ஒரு பித்தன் அக்கபாலத்தோடு வருகிறான். அதிலிருந்த இறைச்சிக்காக அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது அப்போதுதான் தெரிகிறது. தன் பொருளைக் காணாதவன் முதலில் ஐயுற்றது வேற்றுச் சமயத்தானை. உண்மையோ வேறிடத்தில் இருந்தது. சமயவாதிகளின் நிலையை அரசன் ஒருவன் இவ்வளவு கூர்மையாகக் கண்டு சிரித்தது அக்காலத்தில் அரிய செயல்.

அந்நாடகத்தில் சமண முனிவர் எவரும் மேடைக்கு வருவதில்லை. இதனைக் கொண்டு, அவன் அப்போது சமணனாக இருந்தான் என்று சிலர் வாதிடுவர். ஆனால் காபாலிகனின் பேச்சில் உடலை வருத்தும் நம் தவநெறியும் ஏளனத்திற்கு உள்ளாகிறது. எனவே அவ்வாதம் வலுவுடையதன்று.

வந்த படையெடுப்பு

மகேந்திரனின் ஆட்சியில் வடக்கிலிருந்து பேரிடர் ஒன்று வந்தது. வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பெரும்படையோடு பல்லவ நாட்டின்மீது பாய்ந்தான். காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் மகேந்திரன் தன் பகைவரை வென்றான் என்று பிற்காலப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. பகைவர் யார் என்பதை அது குறிக்கவில்லை. பல்லவ வேந்தன் சாளுக்கியப் படையின் தூசியால் ஒளி மங்கிக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிந்தான் என்று ஐஹொளே கல்வெட்டு கூறுகிறது. இருவரும் வெற்றியைத் தமதாக்கிக் கொண்டனர். காஞ்சி மாநகரம் வீழவில்லை. நாட்டின் வடபகுதி பல்லவரின் கையை விட்டுப் போயிற்று.

இந்த ஐஹொளே கல்வெட்டைப் பற்றி நாம் சற்று நின்று எண்ண வேண்டும். கி.பி. 634இல் அதனை இயற்றியவர் இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர். அது பொறிக்கப்பட்டிருப்பது அவரே எடுப்பித்த ஜினாலயத்தின் சுவரில். எறும்புக்கும் தீங்கு நினையாத அறத்தைப் போற்றும் கோயிலின் சுவர், ஓர் அரசன் பல நாடுகளை அழித்து வென்ற பெருமையைச் சுமந்து நிற்கிறது. புரவலனைப் புகழ்வது அக்காலப் புலவரின் கடமை என்று சமாதானம் கூறலாம். ஆயினும் அரசாட்சியின் நிழலில் நின்ற எந்தச் சமயமும் அவ்வாட்சியின் போர்ப்புகழில் பங்கு கொண்டது என்ற உண்மை மாறாது. இதில் நாமும் விலக்கில்லை.

தருமசேனரும் பாடலிபுரத்துப் பள்ளியும்

இனி நம்மை வருத்தும் செய்திக்கு வருவோம். திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் இளமையில் சமண நெறியை நாடிப் பாடலிபுரத்துப் பள்ளியை அடைந்தார். அங்குக் கற்றுத் தேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு ஆசாரியராக விளங்கினார். பின்னர்ச் சூலை நோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரிடம் திருவதிகைக்குச் சென்று சைவரானார். அவரே திருநாவுக்கரசர், மக்கள் அப்பர் என்று போற்றும் அருளாளர்.

சமணர் சொற்கேட்ட பல்லவ அரசன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டான் என்றும், நஞ்சு ஊட்டினான் என்றும், யானையை ஏவினான் என்றும், கல்லில் பிணித்துக் கடலில் எறிந்தான் என்றும் பெரியபுராணம் விவரிக்கிறது. அனைத்திலும் அவர் பிழைத்தது கண்டு அரசன் சைவனாகி, பாடலிபுரத்துப் பள்ளியையும் பாழிகளையும் இடித்து, அப்பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று அக்கதை முடிகிறது. அரசனின் இயற்பெயரைப் புராணம் கூறவில்லை. குணபரன் என்ற பட்டம் மகேந்திரனுக்கு உரியதாதலால், அவ்வரசன் அவனே என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

பெரியபுராணத்தை அருளிய சேக்கிழார் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்தவர். சோழர் அவையில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மகேந்திரனுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள் உண்டு. அப்பர் தம் பதிகங்களில் சமணரோடு கழித்த நாட்களுக்காக வருந்துவதும், தமக்கு நேர்ந்த துன்பங்களைக் குறிப்பதும் உண்மை. ஆகவே அனைத்தையும் பிற்காலக் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது.

மகேந்திரனின் காலத்திலேயே பொறிக்கப்பட்ட சான்று திருச்சிக் கல்வெட்டு. குணபரன் என்னும் அரசன் மாற்று நெறியிலிருந்து திரும்பிய ஞானத்தை இலிங்கத்தால் உலகில் பரப்பினான் என்னும் கருத்து அதில் உள்ளது. இதனை மதமாற்றத்திற்குச் சான்றாகக் கொள்வர். அங்குள்ள சொற்கள் தருக்க நூலார் வழங்கும் கலைச்சொற்களாகவும் அமைந்து இருபொருள் தருவன என்று கூறுவாரும் உளர். விட்டுவந்த நெறி சமணம் என்று அக்கல்வெட்டு பெயர் சுட்டவில்லை.

எவ்வாறு கொள்வது?

நான் ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் பல்லவர் பாடம் வரும்போதெல்லாம் நம் சமூகத்துப் பிள்ளைகளின் முகம் வாடுவதைக் கண்டதுண்டு. நம் முனிவர்கள் அவ்வளவு கொடியவர்களா என்று வீட்டில் பெற்றோரைக் கேட்பார்கள். பெற்றோர்களில் சிலர் அக்கதை முழுவதும் பொய் என்பார்கள். அவர்களே சிறிது நேரத்தில், மகேந்திரன் நம் சமயத்தவன், சித்தன்னவாசல் ஓவியம் அவன் செய்வித்தது என்று பெருமை பேசுவதும் உண்டு.

இவ்விரண்டும் ஒருங்கே நில்லா. மகேந்திரன் சமணனாக இருந்தான் என்பதற்கு நாம் நம்பும் ஆதாரம் அப்புராணமே. அதனை ஏற்று அவன் நம்மவன் என்று பெருமை கொண்டால், நம் குருமார் ஒரு மனிதரைக் கொல்லத் தூண்டினர் என்ற பழியையும் உடன் ஏற்றாக வேண்டும். பழியை மறுத்தால் பெருமையையும் விட்டுவிட வேண்டும். சித்தன்னவாசலும் அவனுக்குரியதென்று முன்னர் எழுதப்பட்டதே. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் அக்கோயிலைப் புதுப்பித்தான் என்ற கல்வெட்டு தெரிந்தபின் அக்கருத்து தளர்ந்தது.

பாடலிபுரத்துப் பள்ளி இடிக்கப்பட்டிருக்கலாம். சர்வநந்தி அமர்ந்து எழுதிய அக்கல்விச் சாலை அழிந்திருந்தால் அது தமிழகத்திற்கே இழப்பு. ஆனால் அச்செயலோடு சமணம் தொண்டை நாட்டில் முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. மகேந்திரன் மறைந்து ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப்பின், கி.பி. 640ஐ ஒட்டிக் காஞ்சி நாட்டைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கு நிர்க்கிரந்தர்கள் மிகுதியாக இருந்தனர் என்று குறித்துள்ளார். நிர்க்கிரந்தர் என்பது நம் முனிவர்களின் பெயர். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், சோழன் முதலாம் ஆதித்தன் காலத்தில், வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவி 500 மாணாக்கியரோடு விளங்கினார். முதலாம் பராந்தகன் காலத்தில் மதுராந்தகம் பகுதியின் ஆனந்தமங்கலத்தில் ஜினகிரிப் பள்ளி அறக்கட்டளை பெற்று விளங்கியது. மகேந்திரன் சிவனுக்குக் கோயில் எடுத்த சீயமங்கலத்திலேயே பின்னாளில் கங்க மன்னனின் ஆதரவில் சமணச் சிற்பங்கள் எழுந்தன.

மாமல்லையில் ஒரு பாடம்

மகேந்திரனுக்குப்பின் அரசேறிய மகன் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப்பட்டான். மீண்டும் வந்த புலிகேசியை மணிமங்கலம் முதலிய இடங்களில் தோற்கடித்து, கி.பி. 642இல் வாதாபியைக் கைப்பற்றினான். அவன் பெயரால் விளங்கும் கடற்கரை நகரே மாமல்லபுரம். தந்தை தொடங்கிய கற்கலை அங்கு முழுமை பெற்றது.

அங்குள்ள ஆதிவராகக் குகையில் இரு அரச உருவங்கள் உள்ளன. ஒருவர் அமர்ந்திருக்க, இருபுறமும் தேவியர் நிற்கின்றனர். மற்றொருவர் தம் தேவியின் கரம் பற்றிக் கருவறையை நோக்கி அழைப்பவர்போல் நிற்கிறார். மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நிற்பவர் நம் கதைத் தலைவனே என்பர் ஆய்வாளர் பலர். பேரன் இரண்டாம் மகேந்திரன் என்பாரும் உளர்.

அதே மாமல்லபுரத்தில், உருத்திரனை உள்ளத்தில் கொள்ளாதவர் மீது ஆறுமுறை சாபமிடும் கல்வெட்டும் உண்டு. மகேந்திரனுக்குப் பிற்பட்ட அச்சாபம் தருமராச மண்டபம், இராமானுச மண்டபம் ஆகியவற்றோடு, திருமாலுக்குரிய ஆதிவராகக் குகையிலும் காணப்படுகிறது. இராமானுச மண்டபம் முதலில் மூன்று அறைகளுடன் அமைந்த சிவன் கோயில். பிற்காலத்தில் அதன் இடைச்சுவர்கள் நீக்கப்பட்டு, சோமாஸ்கந்தர் சிற்பங்கள் உளியால் அழிக்கப்பட்டு, சங்கும் சக்கரமும் பொறிக்கப்பட்டன. சபித்தவர் சைவர், அழித்தவர் வைணவர். சமணர் அங்குத் தரப்பினராகவே இல்லை. அரசனும் சமயமும் ஒன்று சேரும் இடத்தில் உளி எவர் சிற்பத்தின் மீதும் பாயும் என்பதற்கு அப்பாறையே சாட்சி.

மும்மூர்த்திகளுக்கும் ஒரே குகையில் இடமளித்த மகேந்திரன், காபாலிகனையும் பௌத்தனையும் பாசுபதனையும் ஒரே மேடையில் நிறுத்திச் சிரித்த மகேந்திரன், பள்ளியை இடித்தான் எனப்படும் மகேந்திரன் ஆகிய மூவரும் ஒருவரே. ஒரு பொருளைப் பல கோணங்களிலும் நோக்க வேண்டும் என்னும் அநேகாந்தம் நம் முன்னோர் உலகிற்கு அளித்த கொடை. அதனைத் தத்துவ வகுப்பில் மட்டும் பேசிவிட்டு, நம்மைப் புண்படுத்திய மனிதரிடம் மறந்துவிடலாகாது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வல்லத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் திருப்பருத்திக்குன்றம் சென்று திரைலோக்கியநாதரை வணங்குங்கள். மகேந்திரனின் பாட்டன் நிலம் கொடுத்த பள்ளி இருந்த ஊரில் இன்றும் விளக்கு எரிகிறது. அதனை அவர்கள் கண்ணால் காணட்டும். பாடநூலில் அப்பர் வரலாற்றைப் படிக்கும்போது, சைவ நண்பனிடம் சினம் கொள்ளாமலும் தலைகுனியாமலும் பேச அவர்களுக்கு அது துணை செய்யும்.

அறம் வளர்க!